வரி கட்டிய ஒரு வருஷம்

கல்யாணமாகி சாந்தோமுக்கு வந்த முதல் வருஷமே அந்த வீட்டின் பெரிய திருநாள் எது என்று தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் உண்டுதான். ஆனால் பிப்ரவரிக் கடைசியில் டிவியில் பட்ஜெட் வாசிக்கிற சாயங்காலத்தின் பரபரப்பே தனி. என் கணவர் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு நாலரைக்கே வந்துவிடுவார். வாத்தியாராக இருந்து ரிட்டையரான மாமனார் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அமைச்சர் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் இங்கே சண்டை ஆரம்பமாகிவிடும்.

கணவருக்கு வரியைக் குறைக்க வேண்டும். "மாசச் சம்பளக்காரன் மட்டும்தான் இந்த நாட்டுல ஒழுங்கா கட்டுறான்" என்பார். மாமனாருக்குக் குறைக்கவே கூடாது. "குறைச்சிட்டா பள்ளிக்கூடத்துக்கு யார்டா குடுப்பா?" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்துவார்.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது. தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆயாவின் சம்பளத்தைக் கழித்துவிட்டுத்தான் வரி போட வேண்டும் என்பது என் கட்சி. வாயைத் திறந்தால் கணவர் சிரித்துக்கொண்டே கேட்பார், "நீ வரி கட்டுறியா?" என் சம்பளம் அந்த அளவுக்கு வரவில்லை. வாழைக்காய் பஜ்ஜியைத் திருப்பிப் போட உள்ளே போய்விடுவேன். ஐந்து வருஷம் அப்படிப் போனேன்.

ஆறாவது வருஷம் பிரமோஷன் வந்தது. சம்பளச் சீட்டில் வருமான வரி என்ற கட்டத்தில் முதல்முறையாக ஒரு தொகை. சின்னத் தொகைதான். பிடித்தத்தைப் பார்த்து ஆபீசே மூக்கால் அழுதபோது நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பட்ஜெட்டுக்காக நாள் எண்ணினேன்.

அன்றைக்கு பஜ்ஜி கிடையாது. கணவருக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தேன். சீட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்த நேரம், அமைச்சர் வரி வரம்பை உயர்த்திவிட்டார்.

"அடி சக்கை!" என்று கணவர் துள்ளி எழுந்தார். "உனக்கு இனிமே வரியே இல்ல!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. "அந்த ஆயா சம்பளம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீதான் கட்டப்போறதில்லையே" என்றார், பழக்க தோஷத்தில்.

வந்ததே கோபம். "மாமா எவ்வளவு கட்டுறார்?" என்று கேட்டுவிட்டேன்.

மாமனாரின் சம்பளமும் வரம்பைத் தொட்டதில்லை, பென்ஷனும் தொட்டதில்லை. வாழ்நாளில் ஒரு ரூபாய் வருமான வரி கட்டாத மனிதர்தான் அத்தனை வருஷமும் அந்தக் கூடத்தில் உரக்கப் பேசினவர். அவரிடம் யாரும் சம்பளச் சீட்டு கேட்டதில்லை.

முதலில் சிரித்தது அவர்தான், இருமல் வருகிற வரைக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நீ சொல்லும்மா. ஆயா சம்பளத்தை என்ன பண்ணணும்ங்கற?"

சொன்னேன். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னேன். கணவர் மெல்ல எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து, கடலை மாவு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அங்கிருந்து குரல் வந்தது.