சத்தமில்லாத டயர்

மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, கல்லூரியில் படித்தபோது வாங்கிய மலை சைக்கிள் ஒன்று வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. முன்பக்கம் ஸ்பிரிங் இல்லாத பழைய ரகம். கல்லில் ஏறினால் அதிர்வு நேராகத் தோளுக்கு வரும். டயர் இரண்டும் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்தவை. ஆனைகட்டிப் பக்கத்துக் காட்டுத் தடங்களில் அவற்றோடு அலைந்த கதைகளை மாமா அலுக்காமல் சொல்வார்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அவர் தன் மோட்டார் பைக்கை விற்றுவிட்டார். உடம்புக்கு சைக்கிள்தான் நல்லது என்றார். இனி ரோட்டில் ஓட்ட வேறு டயர் வேண்டுமென்று, சைக்கிளை ஒரு ஆட்டோவில் திணித்து, என்னையும் கூட்டிக்கொண்டு உக்கடத்துக் கடைக்குப் போனார்.

கடைக்கார பாய் முதலில் ஒல்லியான டயரைக் காட்டினார். இந்த வண்டிக்கு அதைப் போட்டால் குழிக்குக் குழி முதுகு போய்விடும் என்று மாமா தள்ளிவிட்டார். அடுத்தது, நடுவில் வழவழப்பு, ஓரங்களில் மட்டும் பட்டன். மாட்டச் சொல்லி சந்தில் ஓட்டினார். நேராகப் போகும்வரை சும்மா இருந்த டயர், திரும்பும்போது கொர்ரென்றது.

“சத்தம் வருதுங்க பாய்.”

“வந்தா என்னங்க தம்பி? போற வழியில பாட்டா கேக்கப் போறீங்க?”

மாமா சிரித்தார்; ஆனால் மசியவில்லை. கடைசியில், பழைய டயர் அளவுக்கே அகலமாக, மழைத் தண்ணீர் வழிய மெல்லிய கோடுகள் மட்டும் போட்ட ஒன்றை பாய் பரணிலிருந்து இறக்கினார். மாமா என்னைச் சந்து முனையில் திரும்பி நிற்கச் சொன்னார்.

“நான் வாரது கேட்டா கையத் தூக்கு, கண்ணு.”

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் சடையை உரசிக்கொண்டு அவர் கடந்துபோன பிறகுதான் கையைத் தூக்கினேன். மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு ஞாயிறு காலைகளில் தொண்டாமுத்தூர் ரோட்டில், அவர் அந்த சைக்கிளிலும் நான் என் சின்ன சைக்கிளிலுமாக, இருவரும் போனோம். எனக்கு ஆரஞ்சு நிறத்தில் சட்டை வாங்கிக் கொடுத்து, என்னையே முன்னால் போகச் சொன்னார். நான்தான் வேகம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வெகுதூரத்தில் பஸ் வரும்போதே பின்னாலிருந்து, “ஓரம் போ அம்மணி, பஸ் வருது” என்பார். எங்கள் மாமாவுக்கு முதுகிலும் காது உண்டென்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாக்குத்தோப்புக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தியிருந்த டெம்போவைச் சுற்றிக்கொண்டு நான் போய்விட்டேன். பின்னால் தகரம் அதிர்ந்தது. ஓட்டமும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் நின்றிருந்த அந்த வண்டிமீது மாமா நேராகப் போய் மோதியிருந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

“பிரேக் புடிக்கலீங்க்கா” என்றார் வீட்டில்.

“இல்லைங்கம்மா, பிரேக் நல்லாத்தான் புடிக்குது. நான் புடிச்சுப் பாத்தேன்” என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாமாவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்ததும், நிறுத்த வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதும் அப்போதே என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்கள். வண்டிகளைக் காதால் கேட்கத்தான் அந்த டயரைத் தேடியிருக்கிறார். ரோட்டில் என் சட்டையைப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஞாயிறுகளில் இன்னும் மெதுவாகப் போயிருப்பேன், போகிற வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போயிருப்பேன் என்று இப்போதும் தோன்றும்.

மறு மாதம் மாமா சீட்டை இறக்கி, சைக்கிளை எனக்கே கொடுத்துவிட்டார். அலுத்துப்போச்சு என்றார். எனக்கு நிலைகொள்ளவில்லை. அவர் கேட்டருகே நின்று கையாட்ட, நான் தெருமுனை திரும்பி, பின்தெரு வழியாகச் சுற்றிவந்து அவர் பக்கத்திலேயே நிறுத்தினேன். மாமா இன்னும் தெருமுனையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். திடுக்கிட்டு என் பக்கம் திரும்பிய மாமா, ஒரு நொடி கழித்து, தானும் சேர்ந்து சிரித்தார்.