மிஷன் பசுவின் நஞ்சுக்கொடி

எங்கள் வீட்டுப் பசு மிஷன் கொடுத்தது. மண்ணூர்ப் பக்கம் எங்கள் காலனியில், பெண் பிள்ளையை எட்டாவது வரை படிக்கவைக்கும் வீட்டுக்கு ஒரு கறவை மாடு தருவார்கள். பாலை விற்றுச் சாப்பிடலாம், பிள்ளை களை எடுக்கப் போக வேண்டாம். இது மிஷன் கன்னியாஸ்திரியான சிஸ்டரின் யோசனை. நாகர்கோவில் பக்கத்துக்காரரான அவர், ஆப்பிரிக்காவில் மசாய் என்னும் மாடு மேய்க்கும் மக்களிடையே பல வருஷம் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு வந்தவர். "அங்க மாடு மேய்க்கணும்னு பிள்ளையைப் படிப்பை விட்டு நிறுத்துவாங்க. இங்க மாட்டாலயே பிள்ளை படிக்கட்டும்" என்பார்.

மாடு போனால் என் படிப்பும் போகும். அப்பா அதை அடிக்கடி நினைவுபடுத்துவார்.

நான் ஏழாவது படிக்கும்போது பசு கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழுந்ததும் அம்மா அதை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் போட்டார். எங்கள் பக்கத்தில் அதை ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரம், மாட்டுக்கும் பால் வற்றாது என்று நம்பிக்கை. நாய் இழுத்துப் போனால் பால் நின்றுவிடும் என்பார்கள். ஆனால் நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். முந்திய ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஒரு வேதக்கார வீட்டிலிருந்து, ஊரில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் மிஷன் கொடுத்த ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார். ஊரில் இருந்த ஒரே ஆலமரமும் அந்த அம்மன் கோயிலை ஒட்டித்தான் நின்றது.

"உபதேசியார் பாத்துட்டா இன்னாம்மா பண்றது?"

"பாக்காதப்ப கட்டிட்டு வாடி. நான் போனா நாலு பேர் கேப்பாங்க. உன்ன எவன் கேக்கப் போறான்? நீதான் வாயே தொறக்க மாட்டியே."

ஏரிக்கரையில் பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் சைக்கிள் மணி. உபதேசியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், பக்கத்தில் சிஸ்டர்.

"இன்னா பாப்பா சாக்குல? மீனா? எங்களுக்கு இல்லையா?" என்று உபதேசியார் சிரித்தார்.

சாக்கின் அடியிலிருந்து ரத்தம் சொட்டியது. அவர் சிரிப்பு நின்றது. "மாடு கன்னு போட்டுச்சா? இத்த எங்க எடுத்துகினு போற?"

என் முகம் தானாக ஆலமரத்துப் பக்கம் திரும்பிவிட்டது.

சிஸ்டர் குனிந்து சாக்கைப் பார்த்தார். "முழுசா விழுந்துட்டுதா, மக்களே?"

ஒற்றைப் பிள்ளையையும் அவர் ஊர்ப் பேச்சில் அப்படித்தான் கூப்பிடுவார். தலையாட்டினேன்.

"அப்போ நாய் எட்டாத கிளையாப் பாத்துக் கட்டு."

"சிஸ்டர், அது கோயில் மரம்."

"மரத்தை யாரு படைச்சா, உபதேசியாரே?"

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையில் லேசாகத் துப்பி, அந்த ஈரத்தை என் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

ஒருவர் மேல் துப்பினால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான், இனி உறவில்லை. வாயால் கட்டு என்று சொன்னாலும் மனசில் எங்களை அறுத்துவிட்டார் என்று நினைத்தேன். சாக்கைக் கிளையில் கட்டிவிட்டு ஏரிக்கு ஓடி, மணலை அள்ளித் தோல் எரியும்வரை நெற்றியைத் தேய்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சைக்கிள் மணி கேட்டாலே ஓடிப்போய் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். வகுப்பில் புத்தகத்தைத் திறந்தால், இதுதான் கடைசி நாளோ என்று நினைப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பேரும் வீட்டுக்கே வந்தார்கள். உபதேசியார் கையில் கயிறு. நான் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

சிஸ்டர் உள்ளங்கையில் துப்பிக் கன்றின் நெற்றியில் தடவினார். அம்மா பதறிப்போய் ஓர் அடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க, ஆசீர்வாதம்தான். மசாய் மக்க பிள்ளைகளுக்கு இப்படித்தான் குடுப்பாங்க. கை பழகிப்போச்சு. அன்னைக்கு உங்க மகளுக்கும் வச்சேனே, சொல்லலையா?"

"அது எங்க சிஸ்டர் வாய தொறந்து சொல்லும்?" என்றார் அம்மா.

உபதேசியார் அந்தப் புதுக் கயிற்றைக் கன்றின் கழுத்தில் கட்டினார். என் நெற்றியில் மணல் தேய்த்த இடம் அப்போதுதான் பொருக்குத் தட்டியிருந்தது. சிஸ்டர் கண்ணில் படாதபடி அதைப் பசுவின் கழுத்தோடு சேர்த்து மறைத்துக்கொண்டேன்.