உப்பு வாரும் மாதத்தில் ஒரு நூல் வெளியீடு

நான் எழுதுவது அறிவியல் புனைகதை. மரக்காணத்தில் இதைச் சொன்னால், "ஓ, ராக்கெட் கதையா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். எல்லாரிடமும் மல்லுக்கு நிற்க எனக்குப் பொழுதில்லை. திண்டிவனம் பஸ்ஸில் படித்தே ஆளானவள் நான். பெருமுக்கல் மலை ஜன்னலில் தெரியும்போது சனி கிரகத்தின் வளையங்களில் சுற்றிக்கொண்டிருப்பேன். கல்லூரியில் படித்தது வணிகவியல். விண்வெளியை நூலகப் புத்தகங்களில் நானாகக் கற்றுக்கொண்டேன்.

புதுச்சேரியிலோ சென்னையிலோ இலக்கியக் கூட்டம் என்றால் உடனே கிளம்பிவிடுவேன். டீயும் பிஸ்கட்டும் தீர்வதற்குள் யாராவது ஒருவர், "இந்த மாதிரிக் கதையில் வாழ்க்கை எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஏன், வேறு கிரகத்தில் மாமியார் இருக்க மாட்டாளா என்று திருப்பிக் கேட்பேன். சண்டை சிரிப்பில் முடியும். அந்தக் கூட்டங்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இந்த வாயெல்லாம் அப்பாவிடம் செல்லாது. அவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். பேப்பரில் வரி விளம்பரம்கூட விடாமல் படிப்பார், என் கதையை மட்டும் தொட்டதில்லை. "நடக்காததை எதுக்கும்மா படிக்கணும்?" என்பார். அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். முதல் நாவல் அச்சாகி வந்தபோது ஒரே ஆசைதான்: அதைச் சொந்த ஊரில் வெளியிட வேண்டும், அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு பக்கமாவது கேட்க வேண்டும்.

சிறப்பு விருந்தினரான சென்னைப் பேராசிரியருக்கு மே மாதம்தான் தோதுப்பட்டது. அது உப்பு வாரும் மாதம்; எங்கள் பக்கத்து உப்பளக் குடும்பத்தார் அப்போது ஒரு காதுகுத்துகூட வைக்க மாட்டார்கள். தெரிந்தேதான் தேதி குறித்தேன். ஆசை யாரை விட்டது? பங்குத் தந்தை கோயில் ஹாலைக் கொடுத்தார். "உங்க கதையில வர்ற வேத்துக் கிரகத்து ஆளுங்க பூசைக்குப் போவாங்களாம்மா?" என்று மட்டும் விசாரித்தார். "அங்க ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இன்னும் முடிவாகல, ஃபாதர்" என்றேன்.

விழாவன்று அப்பா வெள்ளை வேட்டியில் முன்வரிசைக்கு வந்துவிட்டார். கண் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது. வரவேற்புரை பாதியில் இருக்கும்போது காற்று திசை மாறி ஜில்லென்று வீசியது. அப்பா எழுந்தார். "மழை வருதும்மா" என்று மேடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் பின்னால் பாதி ஹால் ஓடியது. வாரிக் குவித்த உப்பின் மேல் மழை இறங்கினால் அத்தனை பாடும் கரைந்து போகும். அதற்குள் மூடியாக வேண்டும்.

பட்டுப்புடவையோடு மேடையில் நின்ற எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் எங்கம்மா ஓடுறாங்க?" என்று கேட்டார் பேராசிரியர். சொன்னேன். "அப்ப நாம மட்டும் இங்க என்ன பண்றோம்?" என்று செருப்பைக் கழற்றினார்.

ஓடினோம். ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினோம். பேராசிரியர் வரப்பில் வழுக்கிப் பாத்தித் தண்ணீரில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கடைசிக் குவியலை மூடும்போது மழை கொட்ட ஆரம்பித்தது. எல்லாரும் உப்புக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். ஹாலிலிருந்து யாரோ புத்தகக் கட்டையும் டீ கேனையும் பொன்னாடைகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். பொன்னாடைகளால் தலை துவட்டிக்கொண்டோம். அவற்றுக்கு அப்படி ஒரு பயன் நான் எந்த விழாவிலும் பார்த்ததில்லை.

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து தன் உரையை எடுத்தார். காகிதம் கூழாகியிருந்தது. "என் பேச்சு கரைஞ்சிடுச்சி. விழாவை இங்கயே வச்சிக்கலாம், நீங்க படிங்க" என்றார்.

ஈரக் கையோடு முதல் அத்தியாயத்தைப் படித்தேன். இரண்டு சூரியன்கள் உள்ள கிரகம். அம்மாவைத் தேடி ஒரு பெண் கப்பலுக்குள் நுழைகிறாள். வெளியிலிருந்து ஒருவன் கதவைப் பூட்டிவிடுகிறான். அத்தோடு நிறுத்தினேன், ஒரு அத்தியாயம் படிப்பதுதானே வழக்கம். கொட்டகையே கை தட்டியது. உப்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அப்பா தட்டவில்லை.

"கதவைப் பூட்டிட்டானா?" என்றார். "அப்புறம் அந்தப் பொண்ணு எப்படி வெளிய வந்துச்சி?"

"புத்தகத்துல இருக்குதுப்பா."

"இருக்கட்டும். மழை வுடுற வரைக்கும் நீ படி."

மழை எப்போதோ விட்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லாமல் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினேன்.