பதினோரு அடி

என் அத்தாவுக்குக் கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுவார். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடம், எங்கே நின்றாலும் சரி. நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார வேண்டும், அப்போதும் அடங்காவிட்டால் படுத்துவிட வேண்டும், எழுந்து தொழுகைக்கு முன்பு செய்வதுபோல் கை, முகம், கால் கழுவ வேண்டும் என்று எங்கள் பள்ளிவாசலில் எல்லாரும் கேட்டு வளர்ந்ததுதான். கேட்டவர்கள் ஏராளம். செய்தவர் என்று நான் பார்த்தது அத்தா ஒருவரைத்தான். எனக்கு அது பெரிய அவமானம். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் சண்டையில் கையை ஓங்குவார்கள். என் அத்தா சம்மணம் போடுவார்.

அனகாபுத்தூரில் அவருக்குச் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. முன்பு மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், அங்கே வேலை செய்தார். ஒருநாள் கம்பியை அளவு மாற்றி வெட்டிவிட்டார், அதோடு நின்றுவிட்டார் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாமாவின் இடது புருவத்தை இரண்டாக வெட்டியதுபோல் ஒரு தழும்பு உண்டு. கேட்டால், கம்பி பட்டுவிட்டது என்பார். வெள்ளிக்கிழமைதோறும் வந்து அத்தாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மாமா வேலையை விட்ட பிறகு அளவு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. நான் நான்காம் வகுப்பு, அதுவும் இங்கிலீஷ் மீடியம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள். அதுவரை அத்தா பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கோடு இழுத்து அளவைக் குறித்து வைப்பார். இதெல்லாம் இனிமேல் வேண்டாம், நோட்டு இருக்கிறது என்று சொல்லி, ஈரத்துணியால் அந்தச் சுவரைத் துடைத்தவள் நான்தான்.

கூடுவாஞ்சேரியில் ஒரு புது லேஅவுட் வீட்டுக்குக் கேட் செய்யும் வேலை வந்தது. அத்தா டேப்பைப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல, நான் அவசரமாக எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஃபேர் காப்பி எடுத்தேன். மார்ஜின் போட்டு, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு இட்டு, பக்க எண்ணும் எழுதினேன். பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தா அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு, குட்டியானை வண்டியில் கேட்டை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு வழியாகப் போனோம். இரண்டு தூண்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தபோது கதவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அரை அடி அதிகம்.

வீட்டுக்காரர் ஏதோ ஆபீஸில் மேனேஜர். குரல் தெருவுக்கே கேட்டது. அத்தா அவசரப்படவில்லை.

"இருங்க சார். அளவு எல்லாம் எழுதி வெச்சிக்கீது. எம்பொண்ணு எழுதினது."

நான் நோட்டைத் திறந்து, "மெயின் கேட், லெவன் ஃபீட்" என்று கணீரென்று படித்தேன். அத்தா டேப்பை இழுத்துப் பார்த்தார். பத்தரை.

"இந்தப் பொண்ணு எழுதுமாம், அதைப் பாத்து இவர் வெட்டுவாராம். கைநாட்டுகிட்ட வேலைய குடுத்தேன்ல, என்னைச் சொல்லணும்" என்றார் வீட்டுக்காரர்.

அத்தா என் கையிலிருந்து நோட்டை வாங்கினார். ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். நான் முதலில் கிறுக்கிய பக்கம் அது. மெயின் கேட், பத்தரை. அதற்கு அடுத்த வரி, கார் ஷெட் கிரில், பதினொன்று. அழகாக எழுதுகிற அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டிருக்கிறேன். அத்தா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். படிக்கத் தெரியாத மனிதர் எதை இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. வலது கையில் சுத்தியல் இருந்தது. வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. வண்டி ஓட்டுகிற அண்ணன் என்னவோ ஆகப்போகிறது என்று இறங்கி வந்தார். அத்தா அந்த மனிதரை அடித்துவிடுவார் என்று பயந்தேன். அடித்தால் நல்லது என்றும் தோன்றியது. சண்டை வந்தால் நோட்டை யாரும் பார்க்கமாட்டார்கள்.

அத்தா சுத்தியலை என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத்த எடுத்துக்கினு வண்டியாண்ட போ. தூரமா நில்லு."

பிறகு அங்கேயே மணல்மேல் உட்கார்ந்தார்.

"என்ன பாய், தர்ணாவா?" என்றார் வீட்டுக்காரர்.

அத்தாவுக்கு மூச்சு பெரிதாக வந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் அப்படியே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரரின் குரல் அந்த நிமிடமே மாறியது. நல்ல காரியம் நடக்க இருக்கிற வாசலில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் என்ன ஆவது? பாய், பாய் என்று குனிந்து கூப்பிட்டார். அவர் மனைவி ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். அத்தா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். குடிக்கவில்லை. கையை நீட்டினார். அவர் கையும் முகமும் காலும் கழுவி முடிக்கும்வரை, சற்றுமுன் திட்டிய அதே மனிதர் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

"தப்பு என்னுது சார். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வெட்டி மாட்டிடறேன்."

திரும்பும்போது என்னை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர் பின்னால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். பட்டறையில் இறங்கியதும் சாக்பீஸைத் தேடி எடுத்தார். நீ நோட்டில் எழுது, நான் சுவரிலும் போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். எனக்கு நிம்மதி. அத்தாவுக்குப் படிக்கத் தெரியாததால் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் வருத்தமும் இருந்தது. ஊரான் வீட்டு வாசலில் படுத்து, செய்யாத தப்பை ஒத்துக்கொண்ட கோழை என் அத்தா.

இன்று நான் சிவில் இன்ஜினியர். போன மாதம் சைட்டில், நான் இரண்டு முறை சொல்லியும் ஒருவர் கான்கிரீட்டுக்கான சென்ட்ரிங் பலகையை அளவு மாற்றி அடித்துவிட்டார். வாயில் வந்த வார்த்தைக்கு முன்னால் என் கால்கள் மடங்கின. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். கையில் டேப். அதிலிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. அன்று அளவைப் படித்துச் சொன்னதே அத்தாதான், நான் எழுதினேன், அவ்வளவுதான். இருபது வருடம் டேப் பிடித்தவருக்கா பத்தரைக்கும் பதினொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது? அடுத்து மாமாவின் புருவம் நினைவுக்கு வந்தது, அவரும் அளவு மாற்றி வெட்டியவர்தான்.

தூரமாக நில் என்று அவர் சொன்னது வீட்டுக்காரரிடமிருந்து என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.