பன்னிரண்டு சொட்டு

பதுளை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வருமுன் அந்த டாக்டர் கொழும்பில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டு. நோயாளியைப் பார்க்கும்போது, கட்டிலின் கால்மாட்டில் பத்துப் பேர் நிற்பதுபோல அந்தப் பக்கம் திரும்பித்தான் விளக்குவார். அங்கே, நோயாளியைக் கூட்டிவந்த ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர், மருந்து கலந்து கொடுக்கிற நான் ஒருவன்தான் நிற்பேன்.

ஒருநாள் தபாலில் ஒரு பாடப்புத்தகம் வந்தது. கொழும்பில் அவருடைய இடத்துக்கு வந்தவர், இவர் நம்பிக் கொடுத்த பாடக் குறிப்புகளைத் தன் பெயரில் அச்சடித்திருந்தார். அதைக் காட்டியே பேராசிரியராகவும் ஆகிவிட்டார்.

"உங்களதுதான்னு நிச்சயமாங்க?" என்றேன்.

டாக்டர் ஒரு பக்கத்தைத் திறந்தார். "பிள்ளையளுக்கு ரெண்டு சொட்டுக் குடுக்கிற அபின் மருந்து. இதிலை பன்னிரண்டு எண்டு கிடக்கு. நான் எழுதேக்கை விட்ட பிழை. வகுப்பிலை வாயாலை திருத்திச் சொல்லுவன். தாளிலை திருத்தேல்லை."

"திருடிட்டீங்கன்னு எழுதிப் போடுங்கய்யா."

"அப்பிடி எழுதினா முதல் வரியோடை கிழிச்சுப் போடுவான். பன்னிரண்டு சொட்டுக் குடிச்ச பிள்ளை எழும்பாது."

இங்கிலீஷில் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'உங்கள் அருமையான புத்தகத்தில் ஒரு சிறு அச்சுப்பிழை கண்டேன்.' நானாயிருந்தால் எழுதியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

'உங்கள்' என்ற சொல்லை எழுதுமுன் பேனாவை மூன்று தடவை மைக்கூட்டில் தோய்த்தார். பேனாவில் மை இருந்தது.