வலிக்கிற நாளிலேயே பாண்டிச்சேரிக்கு

2008 நவம்பரில் விருத்தாசலத்திலிருந்து பாண்டிச்சேரி போய் வந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. என் மருமகள் செல்விக்கு மாதவிலக்கு நாட்களில் எழுந்து நிற்க முடியாத வலி. கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. இரண்டு மருத்துவர்கள் ஸ்கேன் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாமவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். அவளுக்கு வயது இருபத்தாறு.

எங்கள் பக்கத்தில் இந்த வலிக்கு யாரும் வலிக்கும்போது மருத்துவரிடம் போவதில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு போவார்கள். மூன்று பேருமே செல்வியை வலியில்லாத நாளில்தான் பார்த்திருந்தார்கள். இம்முறை இரண்டாம் நாள் காலையிலேயே கிளம்பினோம்.

"தீட்டோட பஸ்ஸுல ஏறணுமா அத்தை? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவங்க இந்த வலிய வாங்கிக்கட்டும். செருப்பப் போடு."

ஆறேகால் பஸ். கடலூர் வழியாக ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம், ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய். பின்சீட்டில் உட்காராதீர்கள், தூக்கிப் போடும். நெய்வேலி தாண்டுவதற்குள் செல்வி என் மடியில் சுருண்டுவிட்டாள். கண்டக்டர் பதறினார்.

"மாசமா இருக்காங்களாம்மா? யோவ், முன்னாடி எடம் குடுங்கய்யா!"

செல்வி என் முந்தானையை இழுத்தாள். "ஆமான்னு சொல்லிடுங்க அத்தை."

கான்வென்ட்டில் படித்த எனக்குப் பொய் வராது. "மாசமா இல்ல. மாதவிலக்கு வலி. அதுக்கும் எடம் வேணும்" என்றேன்.

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூக்கூடையோடு இருந்த அம்மாள் எழுந்தார். "ஒக்காரு கண்ணு. எம்பொண்ணும் இப்படித்தான் உருளுவா. நாங்க கேஸ் ட்ரபிள்னு சோடா வாங்கிக் குடுப்போம்."

மருத்துவமனையில் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவர் ஒரு அம்மையார். அவர் அடிவயிற்றை அழுத்தியதும் செல்வி கத்திவிட்டாள். எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க இருங்கம்மா. அவங்க சொல்லட்டும்."

செல்வி சொன்னாள். மலம் கழிக்கும்போதும் வலி, கணவனோடு இருக்கும்போதும் வலி. அவன் என் மகன். எழுந்து வெளியே போய் நின்றேன்.

அரை மணி கழித்து என்னை அழைத்து விளக்கினார். கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற சதை வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். ஸ்கேனில் தெரியாமலும் போகும். வயிற்றில் சின்னத் துளை போட்டுப் பார்த்தால்தான் உறுதி. கர்ப்பப்பையை எடுத்தாலும் இந்த வலி போகும் என்று சொல்ல முடியாது. குழந்தை பிறக்குமா என்று கேட்டேன். "பிறக்காதுன்னு யாரும் சொல்லலையே" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மதியச் சாப்பாட்டை வெளியில் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் கேன்டீனில் சாம்பார் வாயில் வைக்க முடியாது.

திரும்பும் வழியில், கடலூர் பஸ் நிலையத்தில், திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் செல்வியைச் செல்போனில் கூப்பிட்டான். கர்ப்பப்பையை என்றைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டான் போலிருக்கிறது.

"எடுக்கல" என்றாள் செல்வி. "உங்களையும் வரச் சொன்னாங்க. கொழந்த இல்லன்னா ஆம்பளைக்கும் டெஸ்ட் பாக்கணுமாம். ஆமா, உங்களுக்குத்தான்."

அவன் என்ன சொன்னானோ, போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

போகிறவர்கள் வலிக்கிற நாளிலேயே போங்கள். கூடவே கணவரையும் கூட்டிப் போங்கள். எங்களுக்கு அவனுக்காக இன்னொரு முறை பஸ் ஏற வேண்டியிருக்கிறது.