கல்லில் இருந்த ஓலை

அப்பா கிணறு வெட்டுகிறவர். செங்கல்பட்டுப் பக்கம் எங்கு தண்ணீர் தேடினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் களிமண் பாறையைக் கடப்பாரையால் பிளந்தபோது, ஈச்ச ஓலை மாதிரி ஓர் இலை அப்படியே கல்லில் பதிந்திருந்ததாம். ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "உனக்குத்தான். பத்ரமா வச்சிக்கோ" என்றார்.

அண்ணன் அப்போது செங்கல்பட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வாத்தியாரிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனான். பிறகு, பஸ்ஸில் விழுந்து உடைந்துவிட்டது என்றான். நான் அழுதேன். அப்பா என்னைத் தேற்றினார்; அவனைத் திட்டக்கூட இல்லை.

ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர் செங்கல்பட்டில் தன் வீட்டையே கல்லாய்ப்போன செடி, எலும்புகளின் காட்சிசாலையாக ஆக்கியிருந்தார். பள்ளி விட்டதும் அண்ணன் அங்கே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவான். அவன் பேச்சைக் கேட்க வேண்டுமென்று எனக்கு ஆசை. படிப்பு உதவித்தொகைக்கு மனுப் போட அந்த ஊருக்குப் போனபோது, சொல்லாமலே போய் நின்றேன்.

செருப்பைக் கழற்றி, கை கழுவினால்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பெரியவர் சாப்பாட்டு மேஜைமேல் கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்றைப் படுக்க வைத்திருந்தார். எலும்புக் கல் ஒன்றை நீட்டி, "நாக்கால தொட்டுப் பாரும்மா, ஒட்டும்!" என்றார். உண்மையிலேயே ஒட்டியது. சிரித்துக்கொண்டே அடுத்த அலமாரிக்குத் திரும்பினேன். பஞ்சுமேல் என் கல் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"அது நம்ம தம்பி கண்டுபிடிச்சது. காட்டுல தனியா அலைஞ்சு எடுத்தான்" என்றார் பெரியவர்.

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"யாருப்பா, தெரிஞ்ச பொண்ணா?"

"எங்க ஊருப் பொண்ணு சார்."

தங்கை என்று சொல்லவில்லை. அவன் சொல்வான் என்று நான் காத்திருந்தேன். அவன் அலமாரிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"எங்கப்பா வெட்ன கெணத்துல கெடச்ச கல்லு சார் இது" என்றேன். பெரியவர் அவனைப் பார்த்தார்.

"அது வேற கல்லு சார். இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

நான் வெளியே வந்துவிட்டேன். தெருமுனையில் ஓடிவந்து என் வழியை மறித்தான். "நாம இன்னா ஆளுங்கன்னு தெரிஞ்சா என்னை உள்ளயே வுடமாட்டாரு. அவர் சொன்னாத்தான் காலேஜ்ல சேர்த்துக்குவாங்க. ஒரு கல்லுக்குப் போயி..."

"கல்ல வச்சிக்கோ. எங்கள எதுக்கு இல்லன்ன?"

பஸ் வரும்வரை சற்றுத் தள்ளியே நின்றான்.

வீட்டில் அப்பா ஆவலாகக் கேட்டார்: "அண்ணனப் பாத்தியா? எப்பிடிக் கீறான்?"

"நல்லாக் கீறான்பா."

"ஒருநா நானும் போயி அந்த எடத்தப் பாக்கணும்."

அண்ணன் காலேஜில் சேர்ந்தான், உத்தியோகத்துக்கும் போனான். அப்பா கேட்கும்போதெல்லாம் காட்சிசாலை பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து மதுராந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவன் கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பேருக்குப் பக்கத்தில் 'விவசாயம்' என்று அச்சிட்டிருந்தது. அப்பா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் படித்தேன்.